நிர்வாணாவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’: நான்கு கார்டும் ஒரு ஜிம்னேசியமும்

முதல் எட்டு நொடி ஒரே ஒரு கிட்டார்தான். கரகரப்பு ஏதும் இல்லாத சுத்தமான ஒலியில், கொஞ்சம் அசிரத்தையாக, நான்கு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) இரண்டு சுற்று வாசிக்கிறது. ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டத்தை) அழுத்தும் கை தளரும்போது தந்தியில் எழும் ‘சக் சக்’ சத்தம்கூடக் காதில் விழும். பிறகு டிரம் நாலு தட்டுத் தட்டுகிறது. அதே கார்டுகள், அதே வேகம். ஆனால் தகரக் கூரையில் சட்டென்று மழை இறங்கியதுபோல மொத்த அறையும் நிறைந்துவிடுகிறது. 1991 செப்டம்பர் 10 அன்று டிஜிசி இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட, அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் இந்தச் சிங்கிளை, அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக எடுத்து வெளியிட்ட பாட்டைச் ‘சும்மா கத்தல்’ என்று ஒதுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் இந்த எட்டு நொடியைக் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கே அடக்குவது, எங்கே அவிழ்த்துவிடுவது என்று அளந்து செய்த பாட்டு இது. வீடியோவும் அதே அளவில்தான் நடக்கிறது.

இந்த ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டைக் கொண்டுவந்தவர் பாடகரும் கிட்டாரிஸ்டுமான கர்ட் கோபேன். அதைக் கேட்டதும் பேஸ் கிட்டார் வாசிக்கும் கிறிஸ்ட் நொவொசெலிச் ‘இதெல்லாம் ஒரு ரிஃப்பா’ என்கிற பாணியில் தள்ளிவிட்டார். கோபேன் விடவில்லை. ஒத்திகையில் ஒன்றரை மணி நேரம் அதையே வாசிக்க வைத்தார். அலுத்துப்போன நொவொசெலிச், கொஞ்சம் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாமே என்று மெதுவாக வாசிக்க, டிரம்மர் டேவ் குரோல் அதன்மேல் தாளத்தைப் போட, பாட்டு பிறந்தது. அந்த வேகக்குறைப்புதான் இங்கே பெரிய விஷயம். நிமிடத்துக்குச் சுமார் 116 தட்டில் நிற்பதால்தான் இதற்கு நடனத்துக்கான ஆட்டம் கிடைக்கிறது. இன்னும் வேகமாகப் போயிருந்தால் இன்னொரு பங்க் பாட்டாக முடிந்திருக்கும். இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்கள் கோபேன் பெயரில் இருக்க, இதில் மட்டும் மூவரின் பெயரும் சேர்ந்திருப்பதற்கும் இந்த ஒத்திகைதான் காரணம்.

தலைப்பு வந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பிகினி கில் என்ற பங்க் குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னா ஒருநாள் கோபேனின் சுவரில் ‘கர்ட் மீது டீன் ஸ்பிரிட் வாசம் வருகிறது’ என்ற பொருளில் ஸ்ப்ரே பெயின்ட்டால் எழுதிவைத்தார். டீன் ஸ்பிரிட் என்பது பெண்களுக்கான ஒரு டியோடரண்ட். கோபேனுக்கு அது தெரியாது. ஏதோ புரட்சி வாசகம் என்று எடுத்துக்கொண்டார். சிங்கிள் வெளிவந்து மாதங்கள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. முதன்முதலில் மேடையில் வாசித்தது 1991 ஏப்ரல் 17 அன்று, சியாட்டிலின் ஓகே ஹோட்டலில்.

பதிவு நடந்தது அதே ஆண்டு மே மாதம், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் வான் நைஸில் உள்ள சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில். தயாரிப்பாளர் புட்ச் விக். அடிப்படைப் பதிவு மூன்று டேக், அதாவது மூன்று முறை வாசித்துப் பதிந்தது. அதில் இரண்டாவதை வைத்துக்கொண்டார்கள். சுத்தமான ஒலியிலிருந்து கரகரப்புக்கு மாறும் இடங்களில் ஒலியை மாற்றும் பெடலை மிதிக்கும்போது கோபேனின் நேரம் சற்றுத் தவறியது. விக் அதைப் பிறகு சரிசெய்தார். இந்தப் பாட்டை மேடையில் வாசிக்கும் எல்லோரும் தடுமாறும் இடமும் அதேதான்.

குரலில்தான் விக்கின் சாமர்த்தியம் இருக்கிறது. ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை கோபேன் ஏமாற்று வேலையாக நினைத்தார். ஜான் லெனனும் இப்படித்தான் செய்தார் என்று விக் சொன்னதும் இறங்கிவந்தார். ஹெட்ஃபோனில் பல்லவியைக் கேட்டால் இரண்டு குரலும் இம்மியளவு விலகுவது தெரியும். ஒருவர் அலறினால் அது கோபம். இரண்டாக அடுக்கினால் ஒரு கூட்டமே அலறுவதுபோல ஆகிறது. பல்லவியின் கிட்டாருக்கும் இதே அடுக்குதான்.

இப்போது உள்கட்டமைப்பு. நம் வழக்கப்படி சரணம், பல்லவி என்றே சொல்லலாம். நடுவில் சரணத்திலிருந்து பல்லவிக்குக் கூட்டிப்போகும் ஏற்றம் ஒன்று உண்டு. எட்டு நொடி முன்னோட்டம். பிறகு முழுக் குழுவும் சுமார் 25-ஆவது நொடி வரை. அங்கே எல்லாம் சட்டென்று வடிகிறது. சரணத்தில் கிட்டார் வாசிப்பது இரண்டே இரண்டு சுரம்: சி, எஃப். மிக மெல்லிய இரண்டு தந்திகளின் முதல் ஃப்ரெட். அவ்வளவுதான். அப்படியானால் நான்கு கார்டும் எங்கே போயின? பேஸில் இருக்கின்றன. நொவொசெலிச் அதே எஃப், பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் வரிசையை நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருக்கிறார். கிட்டாரின் அந்த இரண்டு சுரம் அசையாமல் நிற்க, அடியில் பேஸ் நகர்வதால் அதே சுரம் ஒவ்வொரு முறையும் வேறு நிறத்தில் கேட்கிறது. ஆளில்லாத கூடத்தில் யாரோ தனியாக நடப்பதுபோன்ற வெறுமை இந்தச் சிக்கனத்திலிருந்துதான் வருகிறது.

ஏற்றத்தில் கோபேன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல, கிட்டார் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல் நெளிகிறது. அது எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்மால் குளோன்’ கோரஸ் பெடல். சுமார் 1 நிமிடம் 6-ஆவது நொடியில் பல்லவி வெடிக்கிறது. அங்கே பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1 என்ற ஆரஞ்சு நிற டிஸ்டார்ஷன் பெட்டி, கரகரப்பைத் தரும் பெடல். விலை உயர்ந்த சாமான் ஒன்றும் இல்லை. இன்றும் புதிதாகவே கிடைக்கிற, தொடக்கநிலைக்காரர்கள் வாங்குகிற பெட்டிதான்.

கிட்டார் தனித்து முன்னால் வரும் சோலோவைப் பற்றிக் குறை சொல்வோர் உண்டு, விரல் வித்தை எதுவும் இல்லை என்று. சோலோ என்ன செய்கிறது என்றால், சரணத்திலும் ஏற்றத்திலும் பாடிய மெட்டை அப்படியே கிட்டாரில் பாடுகிறது. 16 பார் (நான்கு தட்டுக்கு ஒரு பார்). கேட்பவர் ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்ட மெட்டு, சொற்கள் இல்லாமல் திரும்பி வருகிறது. எண்பதுகளின் ராக் முழுக்க வேகப்போட்டி சோலோக்களால் நிரம்பியிருந்த நேரத்தில் இது துணிச்சலான முடிவு. இந்தப் பாட்டில் வேறு எந்தச் சோலோவும் உட்காராது என்பதே என் கணிப்பு.

அமைதி, வெடிப்பு, மறுபடி அமைதி என்ற இந்த உத்தி பிக்ஸீஸ் என்ற ராக் குழுவிடமிருந்து எடுத்தது என்பதை கோபேனே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ரிஃப் பாஸ்டன் குழுவின் ‘மோர் தேன் எ ஃபீலிங்’ பாட்டைப்போல இருக்கிறது என்ற பேச்சும் இருந்தது. 1992-இல் இங்கிலாந்தின் ரெடிங் இசை விழாவில் இந்தப் பாட்டைத் தொடங்கும் முன் அந்தப் பாட்டின் ஒரு துண்டை வாசித்துக் காட்டியே அதற்குப் பதில் சொன்னார்கள். குரோலின் டிரம் வேர் இன்னும் எதிர்பாராதது: கேப் பேண்ட், கேமியோ போன்ற ஃபங்க், டிஸ்கோ குழுக்களின் தட்டுகளை எடுத்துத் தொடக்கத்தில் வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் கால் ஏன் தானாக ஆடுகிறது என்பது புரியும்.

இறுதிக் கலவை, அதாவது பதிவான கருவிகளையும் குரலையும் அளவு பார்த்துச் சேர்ப்பது, ஆண்டி வாலஸ் செய்தது. ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக, பளபளப்பாக நிற்கிறது. கோபேன் பின்னாளில் இந்தப் பளபளப்பைக் குறைபட்டுக்கொண்டார். பங்க் பதிவைவிட இது வேறெதற்கோ அருகில் போய்விட்டதாக நினைத்தார். புட்ச் விக்கே செய்த முந்தைய கலவை 2011-இல் வந்த ஆல்பத்தின் பெரும்பெட்டிப் பதிப்பில் ‘டெவன்ஷைர் மிக்ஸஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தகராறு விளங்கும். விக்கின் கலவை வறண்டு, அறைக்குள் நின்று கேட்பதுபோல இருக்கிறது. வாலஸின் கலவையில் ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) ஒவ்வொரு தட்டுக்கும் காற்று கிளம்புகிறது. காரிலும் மலிவான டிவி ஸ்பீக்கரிலும் இந்தப் பாட்டு கைவிட்டுப் போகாமல் நிற்பதற்கு வாலஸ்தான் காரணம். கோபேனின் மனக்குறையை மதிக்கிறேன், ஆனாலும் வாலஸ் பக்கம்தான் நிற்பேன்.

எந்தப் பதிப்பை வாங்குவது, எதைக் கேட்பது? ஆல்பத்தில் உள்ள 5 நிமிடம் 1 நொடி வடிவமே முழுமையானது. வானொலிக்காக வெட்டிய சிங்கிள் வடிவம் சுமார் நாலரை நிமிடம். பழைய 1991 சிடி கையில் கிடைத்தால் விடாதீர்கள். 2011 ரீமாஸ்டர், அதாவது ஒலியை மறுபடி செப்பனிட்ட பதிப்பு, ஒட்டுமொத்தமாகச் சத்தம் கூட்டப்பட்டது. அதில் சரணம் மேலே ஏறிவிடுகிறது. பல்லவிக்கோ அதற்குமேல் ஏற இடமில்லை. இடைவெளி சுருங்கிவிட்டால் இந்தப் பாட்டில் பாதி போய்விடும். ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பவர்கள் முதலில் அமைப்புகளுக்குள் போய் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியில் ‘உரத்த’ என்ற நிலை இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பிறகு சரணம் மெல்லியதாக, பேச்சுக் குரல் அளவில் கேட்கும்படி ஒலியை வைத்துவிட்டு, பல்லவி வரும்வரை குமிழைத் தொடாதீர்கள்.

வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. கார்டு சுலபம். ஆறாம் தந்தி முதல் ஃப்ரெட்டில் எஃப், ஐந்தாம் தந்தி முதல் ஃப்ரெட்டில் பி ஃப்ளாட், அதே வடிவத்தை அப்படியே நான்காம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட். இவை இரண்டே சுரம் கொண்ட பவர் கார்டு என்பதால் மேஜரா மைனரா என்ற கேள்வியே இல்லை. அந்தத் தெளிவின்மையும் பாட்டின் குணம்தான். கை நகரும்போது விரலைத் தந்தியிலிருந்து முழுக்க எடுத்துவிடுவதுதான் முதல் தவறு. எடுத்தால் ‘சக்’ என்ற மௌனத் தட்டு வராது, திறந்த தந்திகள் கணீரென்று கத்தும். அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, விரல் தந்தியைத் தொட்டபடியே இருக்க வேண்டும். முதலில் கார்டே பிடிக்காமல் ஆறு தந்தியையும் மௌனமாக்கி, தாளம் காட்டும் மெட்ரோனோமை 80-இல் வைத்து, ஸ்ட்ரம்மிங் கையை மட்டும் ஓட்டுங்கள். ஆட்டம் பிடிபட்ட பிறகு கார்டு சேர்த்து, ஐந்து ஐந்தாக ஏற்றி 116-க்கு வாருங்கள்.

அடுத்த தவறு பெடல். டிரம் தட்டு முடிந்த பிறகு மிதித்தால் முதல் கார்டு சுத்தமான ஒலியிலேயே விழுந்து, அரை நொடி கழித்துக் கரகரப்பு வரும். மொத்தப் பாட்டும் அங்கேயே செத்துவிடும். கடைசித் தட்டு விழும்போதே கால் பெடல்மேல் இருக்க வேண்டும். சுத்தமான ஒலியை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள்: குழுவோடு வாசிக்கும்போது ஸ்னேர் சத்தத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிற அளவு. அதற்குப் பிறகே டிஎஸ்-1-இன் ‘லெவல்’ குமிழைத் திருப்பி, பல்லவி ஸ்னேரைத் தாண்டும்வரை ஏற்றுங்கள். சிறிய அறையில் ‘டோன்’ குமிழ் பாதிக்குக் கீழே இருக்கட்டும். மேலே போனால் காதைக் கீறும்.

மேடையில் நடக்கும் கொடுமை வேறு. சரணம் கேட்கவில்லையே என்று ஒலிப்பலகையில் இருப்பவர் கிட்டாரைத் தூக்கிவிடுவார். பல்லவி வந்ததும், ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் எல்லாவற்றையும் அமுக்கும். விளைவு, பல்லவி சரணத்தைவிடச் சின்னதாகக் கேட்கும். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள்: சரணத்தில் பேஸும் குரலும் கேட்டால் போதும், கிட்டாரைத் தொட வேண்டாம். டிரம்மரிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. காலால் அடிக்கும் கிக் டிரம் ரிஃப்பின் அடிகளோடு ஒட்டியே நடக்கிறது. அதில் அலங்காரம் சேர்த்தால் அந்த ஒட்டு விட்டுப்போகும். பாடுகிறவர்கள் ஒத்திகையில் எல்லாச் சுற்றும் அலற வேண்டாம். கடைசி முறை மட்டும் முழுக் குரலில் பாடினால் தொண்டை மறுநாளுக்கு மிஞ்சும்.

இனி வீடியோ. 1991 ஆகஸ்ட் 17 அன்று, கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஜிஎம்டி ஸ்டூடியோவில் பள்ளி ஜிம்னேசியம்போல ஒரு செட் போட்டு எடுத்தது. இயக்குநர் சாமுவேல் பேயர். அப்போது பெயரில்லாதவர். அவர் அனுப்பிய மாதிரிப் படங்கள் சுமாராக இருந்ததாலேயே, இவர் எடுத்தால் நிறுவனப் பளபளப்பு இருக்காது என்று குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. செலவு 50,000 டாலருக்குள். பார்வையாளர்களாக உட்காரும் இளைஞர்களைத் திரட்டியது எப்படியென்றால், இரண்டு நாள் முன்பு ராக்ஸி அரங்கில் நடந்த நிர்வாணாவின் கச்சேரியில் துண்டுச்சீட்டு விநியோகித்து. 18 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும், பள்ளி மாணவர் தோற்றத்தில் வர வேண்டும், பல மணி நேரம் இருக்கத் தயாராக வர வேண்டும் என்பது நிபந்தனை.

தட்டும் ஒரு காலணி, மாப்பும் வாளியுமாகத் துப்புரவுப் பணியாளர், புகைமூட்டத்தில் பழுப்பு மஞ்சள் ஒளி. கறுப்பு உடையில் நெஞ்சில் அராஜகவாதச் சின்னம் வரைந்த சியர்லீடர்கள், பள்ளி விழாவுக்கு வந்ததுபோல் பாம்பாம் ஆட்டுகிறார்கள். மரப்படிகளில் இளைஞர்கள் தலையை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒளி பின்னாலிருந்தும் மேலிருந்தும் விழுவதால் குழுவின் முகங்கள் பாதி நேரம் தெரிவதே இல்லை. கோபேனின் முகத்தை முடி மறைக்கிறது. புதிய குழுவை அறிமுகப்படுத்தும் வீடியோவில் நாயகனின் முகத்தை நாலு நிமிடம் மறைத்து வைப்பது சாதாரணத் துணிச்சல் இல்லை.

இதன் உயிர் கடைசிப் பகுதியில் இருக்கிறது. பேயருக்கு ஒரு கதை கைவசம் இருந்தது. பிள்ளைகள் உட்கார வேண்டும், சொன்னபோது அசைய வேண்டும். மணிக்கணக்கில் ஒரே பாட்டை ஒலிக்கவிட்டு, டேக் மேல் டேக்காக அவர்களைப் படியிலேயே உட்காரவைத்தார்கள். வெக்கையும் புகையும் அலுப்பும் ஏறி எல்லோரும் கொதித்துப் போயிருந்தார்கள், கோபேன் உட்பட. கடைசியில் அவர்களைக் கீழே இறங்கி ஆடவிடும்படி கோபேன் பேயரைச் சம்மதிக்க வைத்தார். நாம் பார்க்கும் அந்தக் கலவரம் நடிப்பு கிடையாது. நாள் முழுக்க அடக்கிவைத்தது அவிழ்ந்து ஓடியதைத்தான் கேமரா பிடித்திருக்கிறது, செட்டும் உடைந்தது. சரணத்தில் அடக்கி, பல்லவியில் அவிழ்க்கும் பாட்டின் முறை, யாரும் திட்டமிடாமலேயே படப்பிடிப்பில் நடந்துவிட்டது. இதைப் பார்த்து எடுத்த எத்தனையோ வீடியோக்களில் கூட்டம் முதல் நொடியிலிருந்தே குதிக்கும். அவை மனதில் நிற்காமல் போனதற்கு அதுவே காரணம்.

பேயரின் முதல் தொகுப்பு கோபேனுக்குப் பிடிக்கவில்லை. தானே எடிட்டிங் மேசைக்குப் போய் உட்கார்ந்து மாற்றினார். முடிவில் கேமராவுக்கு மிக அருகில் வரும் அவருடைய முகம் அப்படிச் சேர்ந்ததுதான். நாலு நிமிடம் கண்ணில் படாத முகம், சற்று மங்கலாக, பற்கள் தெரிய, லென்ஸில் மோதுகிற தூரத்துக்கு வந்து நிற்கிறது. வீடியோவின் மிக வலுவான ஷாட் இது. இயக்குநரின் கையிலிருந்து பறித்துச் சேர்த்தது என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது இன்னும் உறைக்கிறது. எனக்கு உடன்பாடில்லாத ஒரு விஷயம் துப்புரவுப் பணியாளரின் ஆட்டம். மாப்போடு அசையும் முதல் ஷாட் அழகு. திரும்பத் திரும்ப வரும்போது குறியீடு என்று சுட்டிக்காட்டுவதுபோல் ஆகிவிடுகிறது.

கோபேன் வீடியோவில் வாசிக்கும் நீல நிற ஃபெண்டர் கிட்டார், 1969-இன் காம்பெட்டிஷன் மஸ்டாங். இடது கைக்காரர்களுக்கானது. 2022 மே மாதம் ஏலத்தில் 45 லட்சம் டாலருக்கு மேல் போனது.

வெற்றியின் விவரம் எல்லோரும் அறிந்தது, சுருக்கமாகவே சொல்கிறேன். எம்டிவி 1991 செப்டம்பர் இறுதியில் இரவு நேர நிகழ்ச்சியான ‘120 மினிட்ஸ்’-இல் முதலில் காட்டியது. பிறகு பகலுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100-இல் ஆறாம் இடம், பிரிட்டனில் ஏழாம் இடம். 1992 ஜனவரியில் ‘நெவர்மைண்ட்’ மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது. அந்த ஆண்டு எம்டிவி விருதுகளில் சிறந்த புதுக்குழு, சிறந்த ஆல்டர்நேட்டிவ் வீடியோ இரண்டும் இதற்கே. நையாண்டிப் பாடகர் வியர்ட் அல் யாங்கோவிக் இதை நையாண்டி செய்தபோது அதே ஸ்டூடியோ தளத்தில் எடுத்தார், துப்புரவுப் பணியாளராக நடித்தவரையும் அழைத்துக்கொண்டார்.

1991 நவம்பரில் பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் வந்ததையும் தேடிப் பாருங்கள். இசை பதிவு செய்தது, குரல் மட்டும் நேரலை என்பது அங்கே அப்போதைய விதி. கோபேன் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, மைக்கை வாய்க்குள் வைத்துப் பாடுகிறார். கிட்டாரில் கை சரியாகப் படுவதுகூட இல்லை. பல்லவியில் அந்த உயரம் இல்லாமல் போனதும் பாட்டு எப்படித் தட்டையாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

சிங்கிளைச் சிடியாக வாங்குகிறவர்கள் அதிலுள்ள மற்ற இரண்டு பாடல்களை விட்டுவிடாதீர்கள். ‘ஈவன் இன் ஹிஸ் யூத்’, ‘அனியூரிசம்’ இரண்டும் 1991 ஜனவரி 1 அன்று சியாட்டிலில் பதிவானவை. ‘அனியூரிசம்’ தொடக்கத்தில் கிட்டாரும் டிரம்மும் ஏறிக்கொண்டே போய், குரல் நுழைவதற்கு முன்பே மூச்சு வாங்க வைக்கும். அதைச் சத்தம் கூட்டிக் கேளுங்கள்.